குழவிக்கல் படுத்த தூளி

வியாழக்கிழமை காலை ஏழரை மணி. திருச்சானூரில் நான் தங்கியிருந்த லாட்ஜில் லிஃப்ட் ஓடவில்லை. முனகிக்கொண்டே மூன்று மாடி இறங்கி வந்தால், வாசலில் ஆட்டோக்காரர் முனிரத்தினம் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பூமி ஆடின ஊருக்குப் போகிறவங்க லிஃப்டில் ஏறலாமா மேடம் என்று கேட்டார். காலங்கார்த்தாலே கிண்டல்! ஆனால் வண்டியில் உட்கார்ந்ததும் சுடச்சுட ஒரு இட்லிப் பொட்டலத்தை நீட்டினார். கோபம் அதோடு போயிற்று.

சென்னையில் ஒரு குழந்தைகள் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள் நான். இந்தப் பக்கத்து ஊர்கள் சிலவற்றில் நிலநடுக்கம் வந்ததிலிருந்து, மாதம் ஒருமுறை வந்து பிள்ளைகள் தூங்குகிறார்களா, சாப்பிடுகிறார்களா, பள்ளிக்கூடம் போகிறார்களா என்று பார்ப்பது என் பொறுப்பு. நல்லவேளை, உயிர்ச்சேதம் ஒன்றும் இல்லை. சுவர்கள் விரிசல் விட்டன, சில ஓடுகள் சரிந்தன, அவ்வளவுதான். பெரியவர்கள் சிமெண்டைப் பூசிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பிள்ளைகளுக்குப் பூசுவதற்குத்தான் சிமெண்ட் கிடையாது.

திருச்சானூரிலிருந்து நான் போக வேண்டிய வெதுருகுப்பம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். போக வர ஆயிரத்து இருநூறு ரூபாய் பேசியிருந்தோம். வழியெல்லாம் மாந்தோப்பு, நடுநடுவே கரும்பு. முனிரத்தினம் போனில் தெலுங்கு பேசுவார், என்னிடம் தமிழ் பேசுவார், ரோட்டின் குறுக்கே வரும் ஆடுகளை இரண்டிலும் திட்டுவார்.

எனக்கு அன்று ஒரே நினைப்பு, ஹேமா. நாலாம் வகுப்புப் படிக்கிற பெண். பூமி ஆடிய நாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவே நிறுத்தி வைத்திருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய புத்திமதியை வழி நெடுக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஊரைத் தாண்டி அரசாங்கம் கட்டிக்கொடுத்த காலனி. தமிழ்க் குடும்பங்கள், கூலி வேலைதான், இப்போது சிலருக்குக் கொஞ்சம் நிலமும் உண்டு. ஹேமா வீட்டு முன்னால் ஒரு வேப்பமரம். அதன் கிளையில் சேலைத் தூளி கட்டி, உள்ளே குழந்தை. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹேமா. அடுப்பும் வெளியேதான் இருந்தது. அவள் அம்மா செல்வி எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, கொண்டுவந்த புத்திமதியை ஆரம்பித்தேன். வெட்கமில்லாமல் முழுசாகச் சொல்லியும் முடித்தேன்.

செல்வி மோர்ச் சொம்பை வாங்கி வைத்தார். முடிந்ததும், “நானா வேணாங்கறேன்? அதையே கேளுங்க மேடம்” என்று மகளைக் காட்டினார்.

கேட்டேன். ஹேமா கயிற்றை விடவில்லை. மெதுவாகச் சொன்னாள்: “பூமி ஆடச்சொல்லோ நான் மட்டும் ஓடியாந்துட்டேன். தம்பி உள்ள தூளில இருந்தான்.”

துணி துவைத்துக்கொண்டிருந்த செல்விதான் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி வந்திருக்கிறார். ஹேமாவை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றிலிருந்து தம்பியைக் கூரைக்குக் கீழே கொண்டுபோக அவள் விடுவதில்லை. நைனா என்று அவள் கூப்பிடும் அப்பா, ரேணிகுண்டா கம்பெனி வேலையிலிருந்து வாரம் ஒருநாள் வந்து கெஞ்சியும் பார்த்தாராம். தம்பியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் யாராவது உள்ளே தூக்கிப் போய்விடுவார்கள் என்று இங்கேயே காவல். குழந்தைக்கோ மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

பஞ்சாயத்து இன்ஜினீயரும், எங்கள் நிறுவனம் அனுப்பிய இன்ஜினீயரும் வீட்டைப் பார்த்துவிட்டு, விரிசல் பூச்சில் மட்டும்தான், கட்டடத்துக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்கள். அதை எடுத்துச் சொன்னேன். படம் போட்டுக் காட்டினேன். ம்ஹூம், அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

செல்வி எழுந்தார். இன்னொரு சேலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கூரைக் கொக்கியில் தூளி கட்டினார். வெளியே வந்து, அம்மிமேல் கிடந்த குழவிக்கல்லைத் தூக்கிக்கொண்டுபோய் அதில் போட்டார். இந்தப் பக்கம் குழந்தையை முதன்முதலாகத் தூளியில் விடும் நாளில், முதலில் குழவியைத்தான் படுக்கவைப்பார்கள். பிள்ளை கல்லு மாதிரி திடமாக இருக்கட்டும் என்பதற்காக.

“உன் தம்பிக்கு மின்ன இந்தக் கல்லைத்தானடி போட்டோம்” என்றார் மகளிடம். “இன்னிக்கும் அதுவே கெடக்கட்டும். சாயங்காலத்துக்குள்ள உழுந்துச்சுன்னா, தம்பி மரத்தடியிலியே இருக்கட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

நாங்கள் பக்கத்து ஊர்களைப் பார்க்கக் கிளம்பினோம். மத்தியானம் முனிரத்தினம் ஆசையாகக் கூட்டிப்போன கடையில் சாப்பாடு எண்பது ரூபாய், பருப்புப்பொடி அருமை.

நாலு மணிக்குத் திரும்பி வந்தால் அங்கே சின்னக் கூட்டம். உள்ளே தொங்கும் தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி, வாசலுக்கு வெளியே நின்று ஹேமா ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டா அது! சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது தூளி. மத்தியானச் சோறுகூட நின்றபடியேதான் துன்னாளாம். கல்லு தூங்கிடுச்சா, பால் குடுத்தியா என்று காலனிப் பெண்கள் கேலி செய்தார்கள். அவள் எதையும் கண்டுகொள்ளவில்லை.

என்னைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்தினாள். “எவ்ளோ ஆட்டினாலும் உழல” என்றாள்.

பிறகு உள்ளே போனாள். குழவியை இரண்டு கையாலும் தூக்கி, மூச்சு வாங்க நடந்து வந்து அம்மியில் வைத்தாள். மரத்தடிக்குப் போய்த் தம்பியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுபடி வாசற்படி ஏறினாள். நான் அழுதுவிட்டேன், மறைப்பதற்கென்ன? முனிரத்தினம் ஆட்டோக் கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஊரைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். போன் அடித்தது. செல்வி.

ஹேமா தம்பியைத் தானே உள்ளே தூளியில் போட்டுவிட்டு, ஜடை பின்னிக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்விட்டாளாம். நான் சந்தோஷத்தில் என்னென்னவோ சொன்னேன். செல்வி வெறும் ம் கொட்டினார். என்ன செல்வி, என்ன ஆச்சு என்றேன்.

“ஹேமா வெளிய இருந்த வரைக்கும் எனக்கும் ஒரு சாக்கு இருந்துச்சு மேடம். ஓடிப்போய் ஒரு சாமானை எடுத்தாந்துடுவேன். பூமி ஆடினதுலேர்ந்து உள்ள உக்காந்ததே இல்ல. நேத்து ராத்திரி மழைக்குக்கூட வாசப்படிலயே உக்காந்துகினு இருந்தேன். இப்பவும் வாசல்லதான் நிக்கறேன். ஊர்ல யார்கிட்ட சொல்றது, சிரிப்பாங்க.”

அத்தனை பேரை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாரே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. என் வீடு சென்னையில் எட்டாவது மாடி. தினமும் செருப்பை உதறிவிட்டு உள்ளே போய் விழுகிறேன். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இவருக்கு நான் என்ன புத்திமதி சொல்ல?

“நான் லைன்லயே இருக்கேன் செல்வி. நீங்க போங்க” என்றேன்.

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். போனில் வளையல் சத்தம், ஒரு பாயை விரிக்கும் சத்தம். பிறகு பெருமூச்சு.

“உக்காந்துட்டேன். எதுனா பேசிகினே இருங்க மேடம்.”

புதுசாக மொட்டை போட்ட ஒரு குடும்பம் என் எதிரே போனது. அதைச் சொன்னேன். கொய்யாக்காரம்மா கண்டக்டரிடம் சண்டை போடுவதைச் சொன்னேன். என் பஸ் என் ஜன்னல் சீட்டோடு வெளியே போவதைச் சொன்னேன். அதற்குத்தான் செல்வி சிரித்தார். தூளியில் குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கியது. இருங்க மேடம், இவனைப் பார்த்துட்டு வரேன் என்று போனைக் கீழே வைத்தவர், திரும்ப எடுக்க மறந்தே போனார்.