கேட்டால் விரலைத் தூக்குங்கள்

முதல் ஆள் வருவதற்கு முன் ஹெட்போனின் இரண்டு மெத்தைகளையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கிறார். சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. துடைத்ததைத் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்துகிறார். ஊசி விழுந்தது போல ஒரு சத்தம். வலது கை ஆள்காட்டி விரல் தானாக எழுகிறது. அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் தூக்குவார்.

காது பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு இதுதான் வேலை. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வெளியிலிருந்து ஒலியை அனுப்புவார். "கேட்டா விரலைத் தூக்குங்க. எவ்வளவு லேசா கேட்டாலும் தூக்குங்க. கேக்கலேன்னா சும்மா இருங்க, இது பரீட்சை இல்ல." ஒரு நாளில் முப்பது பேருக்கு இதையே சொல்லி, தெருவில் அவருக்கு 'விரல் சார்' என்று பெயராகிவிட்டது. எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொல்வதில்லை. விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

மாலையில் வீட்டில் இன்னொரு ஹெட்போன் காத்திருக்கும். அப்போது அவர் நண்பர்களுக்குப் பாட்டுக் கோர்வை செய்வார். தையல்காரருக்குச் செய்தது டிரைவருக்குப் போகாது. ஆளை மனதில் உட்கார வைத்துத்தான் முதல் பாட்டையே எடுப்பார். பதினான்கு பாட்டு, ஒரு பென்டிரைவ், கையால் எழுதிய பட்டியல். பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தைவிட நடுவில் விடும் மௌனத்தை அளக்கும் நேரம் அதிகம். "பாட்டு முடிஞ்சதும் மனுஷன் ஒரு மூச்சு விடணும். ரெண்டாவது மூச்சு விட்டான்னா எழுந்து போயிடுவான்" என்பது அவர் கணக்கு.

"ஊர்க் காதெல்லாம் பாக்குறீங்க. வீட்டுல மூணு தடவ கூப்பிட்டேன், கேக்கலியா?" என்று மனைவி வாசற்படியில் வந்து நிற்பார். இவர் திரும்பிப் பார்க்காமல் விரலைத் தூக்குவார்.

அவருக்கு உயிர் பழைய பதிவுகள்தான். குரல் முழுவதும் ஒரு பக்கம், வாத்தியங்கள் மறுபக்கம் என்று கோடு கிழித்த மாதிரி பிரித்துப் பதிந்தவை. "ஸ்பீக்கர்ல போட்டா கூட்டத்துக்கு வெளிய நின்னு எட்டிப் பாக்குற மாதிரி. ஹெட்போன்ல கேட்டா அவங்க நடுவுல நமக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கும்" என்பார்.

அந்த நாற்காலியின் அருமை தெரிந்தவர் என்று அவர் நம்பியது ஒரே ஒரு நண்பரைத்தான். அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவரும் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவர்கள். பதினொரு வருடமாக மாதம் ஒரு கோர்வை அவருக்குத் தவறாமல் போகிறது. மற்றவர்கள் மறுநாளே "சூப்பர்" என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். அச்சகக்காரர் மட்டும் இரண்டு மடங்கு நாள் எடுத்துக்கொள்வார். பிறகு வந்து, "மூணாவது பாட்டுல அந்தம்மா பாடினது தனி அழகுடா. அப்புறம் வயலின் தனியா வந்துச்சு பாரு, அது வேற அழகு" என்பார். விரல் சார் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி மாய்ந்துபோவார். "பிரிச்சுக் கேக்குறான் பாருங்க. அதுக்குப் பேருதான் காது!"

போன மாதம் அச்சகத்திலிருந்து எல்லாத் தொழிலாளிகளையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முன்பு இரண்டு தடவை, ஒரு முறை விடுப்பு, ஒரு முறை ஜலதோஷம் என்று அச்சகக்காரர் நழுவியிருந்தார். இந்தத் தடவை வண்டியில் ஏற்றியே கொண்டுவந்துவிட்டார்கள்.

வலது காதில் குறை ஒன்றும் இல்லை. சிவப்பு வட்டங்கள் வரைபடத் தாளின் மேல்பக்கத்திலேயே ஒழுங்காக விழுந்தன. இடது காதுக்கு மாற்றினார். நல்ல காது குறுக்கே ஒட்டுக்கேட்காதபடி அதில் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சலைப் போட்டு அடைத்தார். விரல் எழுந்தது. மறுபடி எழுந்தது. மூன்றாவது தடவை இவர் பொத்தானைத் தொடவேயில்லை. பேனா எடுக்கக் கையை நீட்டினார். அதற்கும் விரல் எழுந்தது.

அவர் கதவைத் திறந்தார். "டேய், என் தோளைப் பாத்துத் தூக்குறியா? சுவர் பக்கம் திரும்பி உக்காரு."

திரும்பி உட்கார்ந்த பிறகு விரல் முழங்காலை விட்டு அசையவில்லை. ஒலியை ஏற்றிக்கொண்டே போனார். நீலப் பெருக்கல் குறிகள் தாளின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

"எத்தன வருஷமா?"

"மிஷின் பக்கம் நின்ன காதுடா. நாம ரூம்ல இருந்தப்பவே பாதி போச்சு. மூஞ்சிய அப்படி வச்சுக்காத, வேலைக்கு ஒண்ணும் ஆகாது. எங்க மேஸ்திரிக்கு ரெண்டும் கேக்காது. அவருதான் எங்க எல்லாரையும் மேய்க்கிறாரு."

விரல் சாருக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வருடம் பார்த்துப் பார்த்துக் கோத்ததில் பாதி எங்கே போய் விழுந்தது என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப அந்த வயலின்? அழகுன்னியே, எனக்காகச் சொன்ன பொய்யா?"

அச்சகக்காரர் மேஜையிலிருந்த ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டினார். கழற்றினார். சிவப்பை இடது பக்கமும் நீலத்தை வலது பக்கமுமாகத் திருப்பி மறுபடி மாட்டினார். "ஒரு தடவ நேரா கேப்பேன். ஒரு தடவ இப்படித் திருப்பிப் போட்டுக் கேப்பேன். நீ போட்டதுல ஒண்ணயும் விட்டதில்ல."

"ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா, இவனுக்கு இனிமே எதுக்குன்னு நிறுத்திடுவ." ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "நிறுத்திடாதடா."

அடுத்த கோர்வைக்கு ஐந்து மாலைகள் ஆயின. இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்குவது ஒரு நொடி வேலை. ஆனால் ஒன்றாக்கினால் குரல் வயலினை விழுங்கிவிடுகிறது. பாட்டுக்குப் பாட்டு குரலைக் கொஞ்சம் தணித்து, வயலினை முன்னால் நகர்த்தினார். இடது பக்க மெத்தையைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஒற்றைக் காதாலேயே எல்லாவற்றையும் சரிபார்த்தார். "ஒரு காது திறந்துதானே இருக்கு, இப்பவும் கேக்கலியா?" என்றார் மனைவி.

அவருடைய பயம் வேறு. ஒரு பாட்டை இரண்டு பாட்டாகக் கேட்டுப் பழகியவனுக்கு இந்த ஒரு பாட்டு போதுமா? பிரித்துக் கேட்ட சுகத்தையும் நாமே கெடுத்துவிடுகிறோமோ?

மதிய இடைவேளையில் அச்சகக்காரரை வரச்சொல்லி, பரிசோதனை அறைக்குள் உட்கார வைத்து, தன் வீட்டு ஹெட்போனை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். செய்ய வேலை இல்லாததால் பேனாவைத் திறந்தார், மூடினார்.

முதல் இரண்டு பாட்டுக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அசைவும் இல்லை. மூன்றாவது, அந்தம்மா பாடியது. முதல் அடியில் குரல் மட்டும். இரண்டாவது அடியில் குரலுக்கு அடியிலிருந்து வயலின் கிளம்பும். அந்த நொடி விரல் சாருக்கு மனப்பாடம்.

அச்சகக்காரரின் கை மேலே போனது. திருப்பிப் போடத்தான் போகிறான் என்று விரல் சார் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். கை காது வரை வந்து நின்றது. மற்ற விரல்கள் மடங்கின. கண்ணைத் திறக்காமலே, அச்சகக்காரர் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தினார். வயலின் ஓயும்வரை அதைக் கீழே இறக்கவில்லை.