ஆர்டிஸ் வீட்டு அழைப்பு மணி

மணி அடித்ததும் ஆர்டிஸ் க்வாமி, தன் தோழி லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினாள். மற்ற இருவரும் வரிசையாகப் பின்தொடர்ந்தார்கள். தீப்பிடித்தால் அப்படித்தான் போக வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். வாசல் மணியை அவர்கள் கேட்டதே இல்லை. மினசோட்டாவிலிருந்த அந்தப் பராமரிப்பு இல்லத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சாவியோடு நேரே உள்ளே நுழைந்தவர்கள்.

மணியடித்த ராய்ஸ் ஹாகன் கொல்லைக்கு வந்தார். பனியில் நான்கு பேர் கோட்டு இல்லாமல் நின்றார்கள்.

"தீப்பிடிச்சிருக்கு. நீங்களும் வரிசையில நில்லுங்க" என்றாள் ஆர்டிஸ்.

அவர் தன் கோட்டை லோர்னாவுக்குப் போர்த்திவிட்டு, வரிசையின் கடைசியில் நின்றார். ஆர்டிஸ் தலைகளை எண்ணி முடித்த பிறகே எல்லோரும் உள்ளே போனார்கள்.

அன்று வேலைக்கு வரவேண்டிய பணியாளர் வரவில்லை. அது அங்கே வழக்கம்தான். குளிர்பெட்டிக்குப் பூட்டு. மாலை ஆறு மணிக்கே படுக்கை. மனவளர்ச்சி குறைந்தவர் என்று ஒருமுறை எழுதிவிட்டால் போதும், ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு எப்போது பசிக்க வேண்டும் என்பதை இன்னொருவர் முடிவு செய்யலாமாம். இதற்குக் கருணை என்று பெயர் வேறு.

நீதிமன்றம் இல்லத்தை நடத்திவந்த நிறுவனத்தை விலக்கி, ராய்ஸைத் தற்காலிகப் பொறுப்பாளராக நியமித்திருந்தது. வசந்தத்துக்குள் நல்ல நிறுவனம் ஒன்று பொறுப்பேற்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டை மூடி நால்வரையும் நான்கு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆர்டிஸ் காதில் விழுந்தது ஒன்றுதான்: லோர்னா வேறு ஊரில் இருப்பாள்.

குளிர்பெட்டிப் பூட்டை ராய்ஸ் அவளையே வெட்டச் சொன்னார். பிறகு மணிப் பாடம். அவர் வெளியே போய் அடிப்பார், அவள் திறப்பாள். பத்துப் பன்னிரண்டு தடவை ஆனது.

"யாரு?"

"ராய்ஸ்."

"இப்போ வேணாம்" என்று கதவைச் சாத்தினாள். பனியில் நின்றபடியே அவர் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே அவளும் சிரித்தாள்.

மார்ச்சில் இரண்டு நிறுவனங்கள் வந்தன. யாரை நீதிபதியிடம் பரிந்துரைப்பது என்பதை வீட்டுக்காரர்களே சொல்லட்டும் என்றார் ராய்ஸ். முதலாமவர் கார் கொட்டகை வழியாக, "எப்படி இருக்கீங்க செல்லங்களா?" என்று நுழைந்தார். வெளியே போய் மணி அடிக்கச் சொன்னாள் ஆர்டிஸ். அவர் அவள் தோளைத் தட்டிவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

அடுத்து வந்த ஜோலின் ஸ்டென்பெர்க் மணி அடித்துவிட்டுக் காத்திருந்தார். ஆர்டிஸ் காபியைக் குடித்து முடித்தாள். தலை வாரினாள். சன்னல் வழியாகப் பார்த்தாள். ஜோலின் ஆலங்கட்டி மழையில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"லோர்னாவும் நானும் ஒண்ணாத்தான் இருப்போம்" என்றாள் கதவைத் திறந்ததும்.

"உங்க வீடும்மா. நான் உள்ள வரலாமான்னு நீங்கதான் சொல்லணும்."

ஆர்டிஸ் திரும்பிப் பார்த்தாள். லோர்னா ஏற்கனவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள்.

ஜோலினின் நிறுவனத்துக்கு நீதிபதி ஒப்புக்கொண்ட வாரம் ராய்ஸ் கடைசியாக வந்து மணி அடித்தார்.

"சாவிதான் வச்சிருக்கீங்களே?"

"வச்சிருக்கேன்."

ஆர்டிஸ் கையை நீட்டினாள். அவர் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இப்ப வாங்க" என்றாள். "சாப்பாடு ஆறுது."