அக்கரையில் நிற்பது யார்?

திருவிதாங்கூரில் மகாராஜா ஆட்சி நடந்த காலம் அது. பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் பாலராமபுரம். கல்யாணம் ஆகவில்லை. பகலில் கணக்குப் பாடம், சாயங்காலம் பாட்டு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கால் ஆர்மோனியம் வாசிப்பது என்று பொழுது போகும்.

பள்ளியில் சில காலம் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர், ஓய்வாக இருக்கும்போது ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே தம் ஊர்க் கவிதைகளைப் பாடுவார். அவை சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டுகள் அல்ல. ஒரு கவிஞர் எழுதியதை இன்னொருவர் எடுத்து அதற்கென்றே இசை அமைத்தவை. பல்லவி கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு மெட்டு. வார்த்தை சொல்லாமல் விட்டதை வாத்தியம் சொல்லும். தமிழில் இப்படி ஒன்று ஏன் செய்யக்கூடாது என்று எனக்கு அது பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது.

எங்கள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் முன்ஷி கவிதை எழுதுவார். சைவக் குடும்பம். அதிகம் பேசமாட்டார். கேட்டதும் ஒரு கவிதை கொடுத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்று சொல்வது போல இருந்தது.

நீ ஏற்றும் விளக்கெனக்குத் தெரியுது, தெரியுது;
நான் நிற்கும் இருட்டுனக்குத் தெரியுமோ?
தோணி இந்தக் கரையில்தான் கிடக்குது, கிடக்குது;
ஏறக் கால் வரவில்லை, அறிவாயோ?

நிற்பது ஆணா பெண்ணா, யாரைப் பார்த்துச் சொல்வது என்று கவிதையில் இல்லை. நானும் கேட்கவில்லை. என் அக்காவைக் கொல்லத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். வருஷத்துக்கு ஒரு தடவை வருவதே பெரிய பாடு. இது அக்காவேதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவளை நினைத்தேதான் மெட்டுப் போட்டேன். ஒரு மழைக்காலமே போயிற்று. கடைசி அடியை ஆதார சுரமான ஸாவில் கொண்டுவந்து நிறுத்த மனசு வரவில்லை. அவள் தோணியில் ஏறவே இல்லை, பாட்டு மட்டும் எப்படிக் கரை சேரும்? ஒரு சுரம் முன்னாலேயே அந்தரத்தில் விட்டுவிட்டேன்.

பள்ளி ஆண்டு விழாவில் அதைப் பாடினேன். பாடி முடித்துக் கையை எடுத்தேன். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த பள்ளி மேனேஜர் மெதுவாக, “இனியும் உண்டா டீச்சரே?” என்று கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். பின்னால் ஒருவர், “இது எந்தச் சாமிக்க பாட்டு?” என்று கேட்க, பக்கத்தில் இருந்தவர், “சாமிப் பாட்டொண்ணும் இல்ல, ஒப்பாரியாக்கும்” என்றார். யாரோ சிரித்தார்கள். ஆனால் கூட்டத்தில் பலர் என்னைப் பார்க்கவில்லை, இடது பக்கம் ஒரு மூலையையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் என்று புரியாமலே கீழே இறங்கினேன்.

மறுநாள் காலை ஒரு புருஷனும் பெண்சாதியும் என் வகுப்புக்கு வந்து நின்றார்கள். பக்கத்து ஊர் சைவக் குடும்பம். அவர் தாலுகா ஆபீசில் குமஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் பெண் எங்கள் பள்ளியில்தான் படித்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எங்க வீட்டுக் காரியத்த ஊரு கூட்டி வச்சுப் பாட ஒங்களுக்கு ஆரு அதிகாரம் தந்தது?” என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் பெண்சாதி முன்னால் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அவன எங்க கண்டே மக்கா? எந்த ஆறு? நெய்யாறா? எனக்க பையன் சொல்லிவிட்டதாக்கும் அது. எனக்குத் தெரியும்.”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் விளங்கியது. அவர்களுடைய மூத்த மகன், கோயில் திருவிழாவில் அப்பா பலபேர் முன்னால் அடித்துவிட்டார் என்று வீட்டை விட்டுப் போனவன், திரும்பவில்லை. கொழும்புக்குப் போனான் என்று ஒரு பேச்சு, அவ்வளவுதான். அந்த அம்மா அன்றிலிருந்து தினமும் அந்தி நேரத்தில் வாசல் படிப்புரைத் திண்ணையில் ஒரு விளக்கு ஏற்றி வைக்கிறார். அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. வெளியூர்க்காரி எனக்குத்தான் தெரியாது. முந்தின நாள் பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தது இவர்களைத்தான்.

“அம்மா, அது முன்ஷியோட கற்பனையாக்கும்” என்றேன்.

“கற்பனைண்ணா பொய்யா?”

“பொய்யில்ல அம்மா.”

“அப்போ நெசம்தானே?”

நானும் அவர் கைகளைப் பற்றிக்கொண்டேன்.

அவர் புருஷனுக்கோ கோபம் ஏறிக்கொண்டே போனது. முன்ஷி உள்ளூர்க்காரர், எல்லாம் தெரிந்து வேண்டுமென்றே கேலி எழுதியிருக்கிறார் என்று அவருக்கு உறுதி. மேனேஜரிடம் சொல்லப் போவதாகவும், தம் பெண்ணை நிறுத்தினால் மற்ற சைவ வீட்டுப் பெண்களும் நிற்பார்கள் என்றும் சொன்னார். நடந்தால் முன்ஷிக்கு வேலை போய்விடும். சாயங்காலம் வரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டு முன்ஷியிடம் ஓடினேன்.

அந்தப் பையன் போன சங்கதி தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும். ஆனா அவன நெனச்சு எழுதல்ல” என்றார். பிறகு, “எனக்க வீட்டுக்காரி பேறுகாலத்துல போயிட்டா. அவ அக்கரையில நிண்ணு பாக்குறா. வெளக்கு ஏத்துறது நானாக்கும்” என்றார்.

நான் அக்காவை நினைத்துப் போட்ட மெட்டை இவர் எப்படிக் கேட்டிருப்பார்? மெட்டுத் தப்பாகப் போயிற்றா என்று கேட்டேன். “தப்பா சரியாண்ணு தெரியல்ல டீச்சரே. நான் எழுதினது அது இல்ல. ஆனா கரைஞ்சேன்” என்றார்.

சாயங்காலம் பிள்ளைகள் போனபின் அந்தத் தம்பதி வந்தார்கள். முன்ஷி தாமாகவே எழுந்து, கவிதை செத்துப்போன தம் மனைவியை நினைத்து எழுதியது என்று அவர்களிடம் சொன்னார். பெரியவர் தரையைப் பார்த்தபடி, “இன்னொரு தடவ பாடுங்க” என்றார்.

உட்கார்ந்தேன். யாருக்காகப் பாடுவது? அக்காவுக்கா, செத்துப்போன அந்தப் பெண்ணுக்கா, ஓடிப்போன பையனுக்கா? ஒரு வரியில் அக்கா முகம் வரும், அடுத்த வரியில் பார்த்தேயிராத அந்தப் பையன். எப்படி முடித்தேன் என்றே தெரியாது.

“அவன் தோணியில ஏறுவானா, மாட்டானா?” என்று பெரியவர் கேட்டார்.

முன்ஷி என்னைப் பார்த்தார். நான் ஆர்மோனியத்தைப் பார்த்தேன். ஸாவை ஒரு தடவை அழுத்தினால் போதும், பாட்டு வீடு வந்து சேர்ந்துவிடும். அந்த அம்மா முகத்தைப் பார்த்ததும் என் விரல் தானாகவே அந்தக் கட்டைக்குப் போயிற்று.

“வேண்டாம் மக்கா” என்றார் அவர். “அவன் ஏறல்ல. ஏறினா எனக்குத் தெரியாதா? வெளக்கு தெரியுதுண்ணு சொன்னானில்லா, அது மதி, அது போதும்.”

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அடிச்சது நானாக்கும்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. முன்ஷி போய் அவர் பக்கத்தில் நின்றார்.

புகார் போகவில்லை. பெண் தொடர்ந்து படித்தாள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அந்தப் பையன் நிஜமாகவே வந்தான். கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடி கொழும்புக்கே போய்விட்டான். அவன் வந்திருந்தபோது அந்த அம்மாவைக் குளத்தூர் போகும் வழியில் பார்த்தேன். சந்தோஷத்தில், அந்தப் பாட்டை அவனிடம் சொன்னீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “எந்தப் பாட்டு மக்கா?” என்றார். மறந்துவிட்டாரா, நினைக்க விரும்பவில்லையா, வழியில் நின்று கேட்கவும் முடியவில்லை.

பிறகு எத்தனையோ கவிதைகளுக்கு இசை அமைத்திருக்கிறேன். முன்ஷியும் இன்னும் சில கொடுத்தார். யாரை நினைத்து எழுதியது என்று அவரிடமும் கேட்டதில்லை, வேறு யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் எந்த வரி எந்த வீட்டுக்குச் செய்தியாகப் போய்ச் சேரும் என்பது எழுதியவருக்கும் தெரியாது, பாடுகிறவளுக்கும் தெரியாது என்பதால், இன்றைக்கும் வாய் திறக்கும் முன் எதிரில் இருக்கும் முகங்களை ஒருமுறை பயத்தோடு பார்த்துக்கொள்கிறேன்.