துணி கட்டாத கோரை

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக்குக் கீழே, இரண்டு தேயிலைக் குன்றுகளுக்கு நடுவில் ஒரு சதுப்பு. வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம். சித்தூர் கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறைக்கு வந்த இடத்தில் அங்கே ஒரு கோரையைப் பார்த்துத் தொலைத்தேன். அதோடு போனது என் நிம்மதி.

கோரையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தண்டை உருட்டினால் விரலில் மூன்று விளிம்பு தட்டும், அவ்வளவுதான். ஆனால் இதன் கதிர் எனக்குத் தெரிந்த எந்தக் கோரையோடும் ஒத்துவரவில்லை. படம் அனுப்பினேன். "பழுத்த விதை இல்லாம எதுவும் சொல்ல முடியாது" என்றார் எங்கள் பேராசிரியை. எனக்கோ அவசரம். சுற்றுலா வண்டிகள் நிற்க இடம் வேண்டுமென்று அந்தச் சதுப்பை மண் போட்டு மூடப்போகிறார்கள். அரிய செடி என்று எழுதி ஒரு தாள் கிடைத்தால், மூடக் கூடாதென்று மனுக் கொடுக்கலாம்.

கதிர்கள் பச்சையாகவே இருந்தன. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். நான் பார்ப்பதால் பழுத்துவிடாது என்று தெரியும், கால்தான் நிற்கவில்லை. மொத்தம் ஒன்பது குத்து. யாரும் அறுத்துவிடக் கூடாதென்று பழைய சிவப்புத் துப்பட்டாவைக் கிழித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சி நட்டுக் கட்டினேன். எட்டோடு துணி தீர்ந்துவிட்டது.

மறுநாள் மதியம் போனால் அந்த எட்டும் இல்லை.

களைவெட்டுக்குப் போன அம்மா, மாட்டுக்குப் படுக்கை போட அதையே கட்டாகச் சுமந்து வந்திருந்தாள். "அங்கன துணி கட்டிருந்துச்சுல்லா? சூப்பர்வைசர் கட்டுனதுன்னு முதல்ல அதத்தான் வெட்டுனோம்."

மறுநாள் வேலை எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே சூப்பர்வைசர் துணி கட்டிவைப்பார். லயத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் அம்மாவிடம்தான் கத்தினேன். "மூளை இருக்கா ஒனக்கு?" என்னை நானே கேட்க வேண்டிய கேள்வி. பழுத்த விதை வேண்டும், அப்போதுதான் சதுப்பைக் காப்பாற்றத் தாள் கிடைக்கும் என்றேன். அவள் கட்டை அவிழ்த்து, கதிர் கதிராகப் பார்த்தாள். எல்லாம் பிஞ்சு.

ஒன்பதாவது குத்து மட்டும் நின்றது. "இதுக்கு ஒண்ணும் கட்டாத. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

சித்தூர் திரும்பிய பிறகு தினமும் போன் செய்தேன். இரண்டாவது வாரம் ஒரு காலையில் அவளே கூப்பிட்டாள். பின்னால் லாரி உறுமியது.

"கறுத்திருச்சுடி. பறிச்சு முந்தானையில முடிஞ்சுட்டேன். மண்ணு கொட்டணும், நகருன்னு லாரிக்காரன் சொல்லுதான். நான் நகரல. தாளு இன்னைக்கே கிடைக்குமா?"

விதை கைக்கு வரவேண்டும், யாராவது பார்க்க வேண்டும், எத்தனை நாளாகுமோ. "கிடைக்கும்மா" என்று பொய் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது சுற்றிலும் செம்மண் குவியல். நடுவில் அந்த ஒரு குத்து. பக்கத்தில், கணுக்கால் தண்ணீரில், அட்டை கடித்து ரத்தம் ஒழுகும் காலோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"தாளக் கொண்டாந்தியா?" என்று கேட்டாள்.