கருஞ்சிவப்பு டேலியா வந்த வழி

எங்கள் வீட்டுக்கு முன்னால், கேட்டுக்குள்ளே பதினோரு நிறத்தில் டேலியா வைத்திருக்கிறேன். ஓசூர் குளிருக்கு அது நன்றாக வரும். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும் என்பதால் சீட்டு எழுதி ஒட்டுவதில்லை. கிழங்கைத் தோண்டி எடுக்கும்போது பூத்த நிறத்திலேயே ஒரு சேலைக் கிழிசலை அதன் கழுத்தில் கட்டிவிடுவேன். இதுவரை ஒன்றுகூட மாறிப் போனதில்லை.

என்னிடம் இல்லாதது கருஞ்சிவப்பு. அது நான்காவது வீட்டுக் கன்னடக்கார அம்மாளிடம் இருந்தது. அவர்கள் ஊரைவிட்டே போகப்போகிறார்கள் என்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் வந்து, "புதன்கிழமை தோண்டறேன், நீங்களே வந்து எடுத்துக்கோங்கம்மா" என்றாள். வருகிறேன் என்றேன்.

எப்படிப் போவது? மகனும் மருமகளும் கம்பெனிக்குக் கிளம்பும்போது கேட்டை வெளியே பூட்டிவிடுவார்கள். போன வருஷம் ஒரு கிழங்குக்காக யாரிடமும் சொல்லாமல் ஜவளகிரிக்கு பஸ் ஏறிப் போய், இருட்டிய பிறகு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து இந்தப் பூட்டு.

புதன்கிழமை அவளே கிழங்குக் கொத்தை மண்ணோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"யாக்கம்மா, ஏன் வரல? அய்யோ, வெளிய பூட்டிருக்கே! யாரு பூட்டுனது?"

மகன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"நான்தான் பூட்டிட்டுப் போகச் சொன்னேன். நாளெல்லாம் எவனாச்சும் வந்து மணியடிக்கிறான். செடி வேலை கெட்டுப்போவுது."

கம்பி இடுக்கில் கொத்து நுழையவில்லை. அவள் ஒவ்வொரு கிழங்காக ஒடிக்கப் போனாள்.

"ஒடிக்காத! கழுத்துல கண்ணு இல்லாட்டி மொளைக்காது." காய் நறுக்கும் கத்தியைக் கம்பி வழியே நீட்டினேன். "கழுத்தை நெடுக்க வெட்டும்மா. ஒவ்வொண்ணுலயும் ஒரு கண்ணு நிக்கணும்."

"உள்ள இருந்துகிட்டே இவ்ளோ வேலை வாங்கறீங்களே! எங்க மாமியாரே தேவலை" என்று சிரித்துக்கொண்டே வெட்டினாள். மூன்று துண்டு உள்ளே வந்தது. என் அரக்குச் சேலை முந்தானையைக் கிழித்துக் கட்டினேன்.

அவர்கள் போய் ஒரு வாரம் கழித்து, மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்ததை மகனிடம் கேட்டேன்.

"கேட்டோட சாவி ஒண்ணு எங்கிட்டயும் குடுத்துட்டுப் போடா."

ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "நீயேதான் பூட்டச் சொன்னதா அவங்ககிட்ட சொன்னியாமே? அந்தக் கன்னடக்கார அக்கா ஊருக்குப் போறப்ப சொன்னாங்க. நான்கூட நீ உள்ளுக்குள்ள வருத்தப்படறியோன்னு நெனச்சிட்டிருந்தேன். சாவி ஒண்ணு வெட்டிக் குடுக்கலாம்னும் இருந்தேன். அதைக் கேட்டப்புறம்தாம்மா எனக்கு நிம்மதி."

மருமகள் அடுப்படியிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊராரிடம் பொய் சொன்னேன் என்று அவள் எதிரில் எப்படிச் சொல்வது?

"ஆமா, சொன்னேன்" என்றேன்.

மூன்றும் முளைத்துவிட்டன. காலையில் பூட்டுகிற சத்தம் கேட்டு, வண்டி தெருமுனை தாண்டிய பிறகுதான் தண்ணீர் ஊற்ற வாசலுக்கு வருகிறேன். அவர்கள் பூட்டும்போது என் முகம் தெரியும்படி நான் கம்பிக்குப் பின்னால் நிற்பதில்லை.