காமன் வேஷம் கட்டிய ராஜா வீட்டுப் பிள்ளை

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் நான் சமையல் செய்துகொண்டிருந்தபோதுதான் அந்தப் பிள்ளை வந்து சேர்ந்தான். இந்தியாவில் ஏதோ ஒரு ராஜாவுக்குத் தங்கை மகனாம். தேயிலை வேலை பழகட்டும் என்று, பெரியதொரைக்குக் கீழே சின்னதொரையாக அனுப்பியிருந்தார்கள். கொழுந்து பறிக்கும் லயத்துப் பெண்களெல்லாம் வேலிப் பக்கமாக வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ராஜா வீட்டுப் பிள்ளையோ அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் கேட்பான். வாய் எரிகிறது என்று மூக்கை உறிஞ்சுவான், இன்னொன்று கேட்பான். எனக்கு அப்படியொரு சந்தோஷம். மொனராகலையில் கட்டிக்கொடுத்த என் மகள்கூட என் சம்பலை இப்படி ஆசையாகத் தின்றதில்லை.

அரண்மனையில் அவன் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாதாம். சாயங்காலம் கொஞ்ச நேரம் அவள் அறைக்குப் போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். அந்த வீட்டில் சத்தமாகச் சிரிக்கவும் கூடாதாம், அழவும் கூடாதாம்.

"அப்பறம் புள்ளைங்க என்னதான் பண்ணும்?" என்றேன்.

"சீக்கிரமா பெரியவங்களாயிடும்," என்றான்.

மாசியில், சிவன் மன்மதனை எரிக்கிற காமன் கூத்து வந்தது. வழக்கமாக மன்மத வேஷம் கட்டுகிறவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். கூத்து மாஸ்டர் நேராகச் சின்னதொரையிடமே வந்துவிட்டார். "ராசா வேஷத்துக்கு ராசா வீட்டு ஆளே இருக்கீங்க. கிரீடம் மட்டும் நம்ம அட்டைதான், பாத்துக்கங்க," என்றார். அவனும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான், காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினவன் காமன் எரிகிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது, துக்கம் கொண்டாடவும் கூடாது.

எரிப்புக்கு முந்தின நாள் அரண்மனையிலிருந்து போன் வந்தது. அவன் அம்மா செத்துப்போய், தகனமும் முடிந்துவிட்டதாம். நோயில் கிடந்ததைக்கூட யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. வேலையைப் பார் என்று சொல்லி மாமா போனை வைத்துவிட்டாராம். அவன் அடுப்படியில் வந்து நின்றான். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மாஸ்டர் ஓடி வந்து, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக் காப்பை அவிழ்த்துவிடுகிறேன், ஊருக்குப் போங்கள் என்றார்.

"யாரப் பாக்கப் போறது?" என்றான் அவன். "வேஷத்த முடிச்சிட்டே போறேன்."

மறுநாள் விடிகிற நேரம், சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்ததும் மன்மதன் விழுந்தான். வெள்ளை வேட்டியால் மூடினார்கள்; பாட்டு முடிந்ததும் அதை விலக்கி ஆளை எழுப்பிவிடுவார்கள். ரதி வேஷம் கட்டிய லொறி டிரைவர் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, புருஷனைப் பறிகொடுத்த பாட்டைப் பாடினான். கூட நாங்களும் ஒப்பாரி வைப்பது வழக்கம். அன்றைக்கு எனக்கு நெஞ்சு கேட்கவில்லை. பெற்ற தாய்க்கு வைக்கிற ஒப்பாரியை எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் அதையே பிடித்துக்கொண்டாள். அப்படியே எல்லாரும்.

வேட்டி விம்மி விம்மிக் குலுங்க ஆரம்பித்தது. செத்த மன்மதன் அசையக் கூடாது. மாஸ்டர் அதைப் பார்த்தார். தப்பு மேளம் அடிக்கிறவர்கள் பக்கம் திரும்பி, இன்னும் பலமாக அடிக்கச் சொல்லிக் கை காட்டினார்.

வெளிச்சம் வந்து கொழுந்து மலை தெரிகிறவரை அடித்தார்கள். அதுவரை ஒருவரும் அந்த வேட்டியை விலக்கப் போகவில்லை.