தகர ஓட்டை வழியே வந்த கிரகணம்

கிரகணம் வருகிறது என்று யாராவது சொன்னால் போதும், இந்த வயதிலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. பேரப்பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும். மலாயாவில் வெள்ளைக்காரன் அவசர காலம் போட்டிருந்தபோது, மலாக்காவை அடுத்த ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், முள்கம்பி வேலிக்குள் இருந்த என் வீட்டுக்கே ஒரு கிரகணம் வந்து எனக்காக வழக்காடியது அவர்களுக்கு என்ன தெரியும்?

என் மூத்த மகள் மேலுதடு பிளந்து பிறந்தவள். அவள் வயிற்றில் இருந்தபோது ஒரு சந்திர கிரகணத்தன்று நான் பூசணிக்காய் அரிந்துவிட்டேனாம், அதனால்தான் இப்படியாம். அரிந்தது உண்மைதான். பசித்தது, அரிந்தேன். அதற்கு வரிசை வீட்டு லயமே கூடி என்மேல் பழி போட்டது. பிள்ளையை 'மூளி' என்று கூப்பிட்டவர்களோடு குழாயடியில் நான் போடாத சண்டை இல்லை. என் மாமியார் சண்டைக்கெல்லாம் போகமாட்டார். பிள்ளையை வெளியே தூக்கிப் போனால் முந்தானையால் அதன் வாயை மூடிக்கொள்வார். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரியும்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் ஒரு நாள் பிள்ளையின் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில இத தச்சிருவாங்கம்மா. இப்பல்லாம் சாதாரணம்லா. கூட்டிட்டுப் போங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உதட்டைத் தைப்பார்களா! சட்டை தைப்பது மாதிரியா! ஓடிவந்து வீட்டில் சொன்னேன்.

"கிரகணம் தொட்ட எடத்துல கத்தி படக்கூடாது. பட்டா புள்ள தங்காது" என்று மாமியார் ஒரே போடாகப் போட்டார். ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூண்டில் வேலை செய்த என் வீட்டுக்காரர் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டமாட்டார். அந்தப் பேச்சு அதோடு நின்றது. நான் மறுபடி முழுகாமல் இருந்தேன்.

அப்போதுதான், ஆபீஸ் பக்கத்தில் அரசாங்கம் வைத்திருந்த ரேடியோ பெட்டி, சூரிய கிரகணம் வரப்போவதாகச் சொன்னது. சந்திரன் குறுக்கே வருவதால் விழும் நிழல்தான், வேறொன்றுமில்லை என்றது. வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், ஒரு சின்ன ஓட்டை வழியே வெளிச்சத்தைக் காகிதத்தில் விழவிட்டால் சூரியனின் உருவமே அதில் தெரியும் என்றது. அடேயப்பா! நான் ரேடியோவை விட்டு நகரவில்லை. சின்ன ஓட்டைக்கா எங்களிடம் பஞ்சம்? காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சேர்த்துவைத்துக் கொடுத்துவிடக்கூடாது, சீக்கிரம் கெட்டுப்போக வேண்டும் என்று, கடைக்காரர் பால் டின்னை விற்கும்போதே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும், அதுதான் சட்டம். என் வீட்டுக்காரர் காலி டின் ஒன்றைக் கழுவி, ஓட்டைக்கு எதிர்ப்பக்கத்தை வெட்டி எடுத்து, அங்கே எண்ணெய்க் காகிதம் கட்டினார். அம்மா பேச்சைத் தட்டமாட்டாரே தவிர, அவருக்கும் உள்ளுக்குள் என்னைப் போலவே ஆசை.

கிரகணத்தன்று டின்னோடு அவர் வெளியே போனார். என்னை மாமியார் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். சன்னல் சந்தில் சாக்கைத் திணித்தார். "நீட்டிப் படு. கைகால மடக்காத. நகத்தக்கூட கிள்ளாத" என்று சொல்லிவிட்டு, என் மகளையும் உள்ளே உட்கார வைத்து, கதவுக்கு முதுகு கொடுத்து அமர்ந்துகொண்டார். வெளியே ஆட்களின் கூச்சல் கேட்டது. "தெரியுது புள்ள, தெரியுது! ஓரத்துல கடிச்ச மாதிரி இருக்கு!" என்று என் வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டின்னை வாங்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன்.

அப்போது என் மகள் சிரித்தாள். தரையில் எதையோ பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிதறிக் கிடந்த லயங்களை வேலிக்குள் கொண்டுவந்தபோது, பழைய லயத்துத் தகரத்தையே கழற்றி வந்து புதிய வீட்டுக்கும் போட்டுவிட்டார்கள். பழைய ஆணி ஓட்டைகள் அப்படியே இருந்தன. மழை பெய்தால் சட்டி, பானை, குண்டான் எல்லாம் தரையில்தான். வெயில் நாளில் தரையெங்கும் வட்ட வட்டமாக வெளிச்சம் விழும். அந்த வட்டங்களை இப்போது பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கடிபட்டிருந்தது! கோணலாய்க் கிழிந்த ஓட்டையிலிருந்து விழுந்ததும் அதே வடிவம்தான். தரையில், சுவரில், அரிசிப் பானைமேல், என் மகளின் உள்ளங்கையில், எழுந்து உட்கார்ந்த என் வயிற்றின்மேல் என்று எங்கு பார்த்தாலும் பிறைபிறையாய்ச் சூரியன். வெளியே ஊரே ஒற்றை டின்னுக்கு அடித்துக்கொள்ள, உள்ளே எனக்கு மட்டும் வீடு நிறையச் சூரியன்!

"அத்தை! இங்க பாருங்க! கிரகணம் உள்ள வந்திருச்சு! ரேடியோல சொன்ன ஓட்டை நம்ம கூரையிலயே இருக்கு!"

மாமியார் பதறி எழுந்தார். ஒரு பாயை எடுத்து என் வயிற்றை மூடினார். பிறைகள் பாயின்மேல் ஏறிக்கொண்டன. கையால் மறைத்தார், கையின்மேல் விழுந்தன. பிறகு என்ன நினைத்தாரோ, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத நான் பாத்திருக்கேன்டி" என்றார். "ஒம் புருசன் வயித்துல இருக்கப்ப பட்டப்பகல்ல ஒரு கிரகணம் வந்துச்சு. அத்தாப்பு ஓலக் கூரை. உள்ள வச்சுப் பூட்டுனாங்க. தரையெல்லாம் இதே மாதிரி. ராகுவோட பல்லு பட்ட தடம்னு நெனச்சு நடுங்கிப் போனேன். வெளிய சொன்னா எங்க மாமியா என்னக் கொன்னே போட்டிருப்பா."

"உங்க வயித்து மேல விழுந்துச்சா?"

"விழாம? மேலெல்லாம்தான் விழுந்துச்சு."

"அப்ப உங்க புள்ளைக்கு என்ன கொறச்சல், அத்தை?"

அவர் சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். "புத்தி ஒண்ணுதான் கொறச்சல்" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு என் மகளை இழுத்து மடியில் வைத்து, அந்தப் பிளந்த உதட்டை விரலால் தொட்டார். அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

"ஒன்னப் போட்டு இத்தன நாளா வதைச்சிட்டேனேடி" என்றார். "மலாக்கா பஸ்சு காலையில எப்ப வருது?"

மறுநாள் விடியலில் மூவரும் வேலி வாசலுக்குப் போனோம். காட்டுக்கு அரிசி கடத்துகிறோமா என்று பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு மலாய்க்காரப் பெண் அங்கே நிற்பாள். "மானா பெர்கி?" என்று எங்கே போகிறோம் எனக் கேட்டாள். மாமியார் தோளில் இருந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் குனிந்தாள். நான் முந்தானை இப்போது மேலே வரும் என்று காத்திருந்தேன்.

மாமியார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளையின் முகத்தை அவள் பக்கமாகத் திருப்பினார்.

"பாரு தாயி, நல்லாப் பாத்துக்க" என்றார் தமிழிலேயே. "திரும்பி வரப்ப ஒனக்கு அடையாளம் தெரியாது."